காலடியில் இருந்த காரீயம்

வெப்ப விரிவு என்றதும் பாடப்புத்தகம் காட்டியது ரயில் தண்டவாளத்தைத்தான். கேகாலைத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு அதைவிட நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருந்தது: போகல சுரங்கத்துக் காரீயம். அதை யாரும் சொல்லித் தரல.

19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையில் இலங்கைக் காரீயத்துக்குப் பெரிய கிராக்கி. லண்டனின் பட்டர்சீயில் 1856இல் தொடங்கிய மோர்கன் கம்பனி, அதைக் களிமண்ணோடு கலந்து உலோகம் உருக்கும் குகைகள் செய்தது. நம்ம ஊர்த் தட்டார் பொன் உருக்கும் குகை மாதிரிதான், ஆனா பெரிசு. நெருப்பிலிருந்து எடுத்ததும் மண்குகை போல அது சட்டென்று வெடிக்காது. சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள். மேலே றப்பர் பால் வெட்டியது எங்கள் ஆட்கள்.

ஏன் வெடிக்கவில்லை? காரீயம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பது ஒரு காரணம். அது விரியும் விதம் இன்னொன்று. காரீயம் அடுக்கடுக்கான படிகம். ஓர் அடுக்குக்குள் அணுக்களுக்கு இடையே 1.42 ஆங்ஸ்ட்ரொம், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 3.35. உள்ளே பிடி இறுக்கம், அடுக்குகளுக்கிடையே தளர்வு.

நெல்சன், ரைலி என்ற இருவர் இதை எக்ஸ் கதிரால் 15 முதல் 800 பாகை செல்சியஸ் வரை அளந்து 1945இல் வெளியிட்டார்கள். சூடேறும்போது இடைவெளி மாறும். கதிர் சிதறும் கோணமும் மாறும். ஒரு மீற்றர் உயரத்துக்கு அடுக்கிய காரீயத்தை 100 பாகை சூடாக்கினால், உயரம் சுமார் 2.7 மில்லிமீற்றர் கூடும். அகலவாக்கிலோ ஒரு மீற்றருக்கு 0.15 மில்லிமீற்றர் அளவில் சுருங்கும்!

சூட்டில் சுருங்குமா? நனைந்த படங்கை ரெண்டு பேர் பிடித்து உதறிப் பாருங்க. துணி மேலும் கீழும் அலைய, ஓரம் உள்ளே இழுபடும். அடுக்கும் அப்படித்தான் அதிர்கிறது.

மேற்பரப்பு இன்னும் சிக்கல். ஆகமேலே இருக்கும் அடுக்கை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருக்கிறது. ஆழத்தில் எடுத்த அளவு அதற்குப் பொருந்தணும் என்றில்லை. எக்ஸ் கதிர் உள்ளே ஊடுருவிவிடும். ஆகவே மேலடுக்குகளோடு திரும்பிவிடும் மெதுவான எலெக்ட்ரோன்களை வீசி அளக்கிறார்கள்.

உயர்தரத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க எங்களில் பலர் வேறு மாவட்டம் போனோம். அங்கேதான் முதல்முதலாகக் காரீயத்தின் அடுக்குப் படத்தைப் பார்த்தோம். அந்தக் கல் எங்க மாவட்டத்தில் கிடைப்பது என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை. தம்பி தங்கச்சிமாருக்காவது தெரியட்டும் என்றுதான் இதை எழுதினோம்.