செப்பேட்டின் தொடக்கமும் கோப்பின் முதல் பைட்டும்

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் செப்பேடுகளை அறிவோம். கி.பி. 1000ஐ ஒட்டி, பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய ஆவணம் அது. வாசகம் வட்டெழுத்தில் அமைந்தது; தொடக்கமான ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ கிரந்தத்தில் உள்ளது. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பிய மரபு. அம்மரபை மீறும் அந்த முதற்சொல்லே, இது அரச ஆவணம் என்று படிப்பவருக்கு அறிவித்துவிடுகிறது.

கணினிக் கோப்புகளும் இவ்வழியையே கையாள்கின்றன. யூனிக்ஸின் ‘ஃபைல்’ கட்டளை 1973 முதலே வழக்கில் உள்ளது. அது கோப்பின் பெயரை நம்புவதில்லை. முதல் சில பைட்டுகளைப் படித்து வகையைச் சொல்கிறது. பிஎன்ஜி படத்தின் முதல் பைட்டு 137. உரைக்கோப்பு என்று மயங்கிவிடக் கூடாதென்பதற்காகவே, ஆஸ்கி எல்லையான 127ஐக் கடந்த எண்ணை வடிவமைத்தவர்கள் தேர்ந்தனர். இங்கும் மரபை மீறுவதே அடையாளமாகிறது.

வெற்று உரைக்கோப்புக்கோ அத்தகைய முத்திரை இல்லை. 1990களின் தமிழ்க் கோப்புகளுக்கு நேர்ந்த இடர் இதுதான். டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம், இவற்றோடு எண்ணற்ற தனியார் எழுத்துருக்கள் என அனைத்தும் அதே எண்களுக்கு வெவ்வேறு எழுத்துகளை அளித்தன. எழுத்துரு தொலைந்தால் உரையும் தொலைந்தது. யூனிகோடு தமிழை யுடிஎஃப்-8 வடிவில் இனங்காண்பது எளிது: ஒவ்வோர் எழுத்துக்குறியும் மூன்று பைட்டுகள்; முதலாவது 224, அடுத்தது 174 அல்லது 175.

பழைய கோப்புகளுக்கு இலக்கணமே துணை. ஒவ்வொரு குறியாக்கத்தையும் பொருத்திப் பார்த்து, சொல்முதலில் மெய் வருகிறதா, மெய்யில்லாமல் துணைக்கால் தனித்து நிற்கிறதா என்று எண்ணினால், பிழை மிகக் குறைந்த வாசிப்பே பெரும்பாலும் சரியானதாக இருக்கும். டிஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், துணைக்கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகிறது. யூனிகோட்டில் ககரமே முதலில் வரும். இவ்வரிசை வேறுபாடும் ஒரு தடயம்.

கல்வெட்டைப் படியெடுக்க நாம் காட்டும் பொறுமையில் ஒரு பங்கு இக்கோப்புகளுக்கும் உரியது. உங்கள் துறையில் பழைய நெகிழ்வட்டுகள் இருந்தால், திரையில் குப்பையாகத் தெரிகிறதென்று அழித்துவிடாதீர்கள். பைட்டுகள் சிதையாதவரை, எழுத்துரு தொலைந்த உரையையும் மீட்க வழியுண்டு.