நியூசிலாந்துக்குப் போகும் பெட்டிக்குள் என்ன வைப்பது?

வெளிநாட்டுக் குளிர் என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது ரொறன்ரோவும் லண்டனும்தான். அங்கிருந்து வந்த உறவினர் விட்டுப்போன தடித்த ஜாக்கெட் பல வீடுகளின் அலுமாரியில் தூங்குகிறது. நியூசிலாந்துக்கு விசா கிடைத்ததும் முதலில் கீழே இறங்குவது அந்த ஜாக்கெட்தான். பெரும்பாலான பயணங்களுக்கு அது வீண் சுமை. அங்கே பருவங்கள் தலைகீழ் என்பது ஒரு காரணம். மற்றது, அந்த நாட்டில் ஆளை வாட்டுவது உறைபனி அல்ல; மழையும் காற்றும் ஈரமும் சேர்ந்த குளிர்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கோடை, மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை குளிர்காலம், செப்டெம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். நாடு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளம் என்பதால் ஒரே மாதத்தில் இரண்டு காலநிலைகளைச் சந்திக்கலாம். ஜூலையில் ஒக்லாந்தின் பகல் 14, 15 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் மழை பெய்யும் ஒரு மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் குயின்ஸ்டவுனில் பகலே 8 பாகையைச் சுற்றித்தான் இருக்கும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும். கோடையில் ஒக்லாந்தின் பகல் 23, 24 பாகை. யாழ்ப்பாணத்து உடம்புக்கு அதுவும் மாலையில் ஒரு சுவெற்றர் கேட்கும்.

தமிழில் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. நியூசிலாந்தில் இந்த அகராதியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அங்கே தெற்குக் காற்று அந்தாட்டிக்கா பக்கமிருந்து வருகிறது. கிறைஸ்ட்சேர்ச்சில் கோடை நாளொன்றில் வடமேற்கிலிருந்து வரும் வரண்ட காற்று 30 பாகைக்கு மேல் சூடேற்றிக்கொண்டிருக்கும். திடீரெனத் தெற்குக் காற்று திரும்பினால் சில மணி நேரத்துக்குள் 10 பாகைக்கும் மேல் இறங்கிவிடும். காலையில் வெயிலை நம்பி சேர்ட்டோடு மட்டும் வெளியே போனவர்தான் மாலையில் நடுங்குவார். ஆகவே கோடைப் பயணம் என்றாலும் கைப்பையில் ஒரு மேலங்கி இருக்கட்டும்.

மழையிலும் இதே ஏற்றத்தாழ்வு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தென்தீவின் மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால், மேற்குப் பக்கத்திலுள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிறது. மலைக்கு மறுபக்கம் மத்திய ஒட்டாகோவில் 400 மில்லிமீற்றரைக்கூட எட்டாத இடங்கள் உண்டு. குடையை நம்ப வேண்டாம். வெலிங்டன் காற்றில் அது ஒரு நாள் தாங்கினால் அதிசயம். தலைமூடியுள்ள, தண்ணீர் புகாத மழை ஜாக்கெட்தான் பெட்டியில் முதலிடம் பெற வேண்டிய பொருள்.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் போகிற அம்மா, அப்பாமார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெளியில் உள்ள குளிரை அல்ல, வீட்டுக்குள் உள்ள குளிரை. கனடாவைப் போல வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பு அங்கே பெரும்பாலான வீடுகளில் இல்லை. பழைய வீடுகள் மரத்தாலானவை, குளிரை உள்ளே விடுபவை. வாடகை வீட்டின் பிரதான கூடத்தை 18 பாகைக்குச் சூடாக்கக்கூடிய ஹீற்றர் இருக்க வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விதி படுக்கையறையைப் பற்றிப் பேசவில்லை. குளிர்காலத்தில் போகும் மூத்தவர்களுக்கு உடம்போடு ஒட்டிய உள்ளாடை இரண்டு சோடி, கம்பளி மேசு, வீட்டுக்குள் போடும் மூடிய செருப்பு கட்டாயம். (மேசுக்கு மேல் பாட்டா செருப்பு ஏறாது, முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.) படிக்கப் போய் அறை தேடும் பிள்ளைகள் வடக்குப் பார்த்த அறையைக் கேளுங்கள். அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால் வெயில் விழுவது அந்த அறையில்தான்.

உடுப்பில் ஒரே விதி, ஒரு தடித்ததற்குப் பதிலாக மெல்லியது மூன்று. உள்ளே மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே மழை ஜாக்கெட். பருத்தி நனைந்தால் காய நேரமெடுக்கும், உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். மலையேறப் போகிறவர்கள் ஜீன்ஸைத் தவிருங்கள். ஏற்றுமதி மிச்சம் விற்கும் கொழும்புக் கடைகளில் இவற்றில் பல கிடைக்கும். மிச்சத்தை அங்குள்ள தொண்டு நிறுவனங்களின் பழைய பொருள் கடைகளில் மலிவாக வாங்கலாம். பனிச்சறுக்கு உடுப்பு வாங்கவே வேண்டாம். இடத்திலேயே வாடகைக்குத் தருவார்கள்.

கோடை வெயிலை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் சுடுவது தெரியாது; ஆனால் புறஊதாக் கதிர் கடுமை. தோல் புற்றுநோய் உலகில் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. கறுத்தத் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்ற எங்கள் நம்பிக்கையை விட்டு, தொப்பியும் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் எடுத்துச் செல்லுங்கள்.

இனிச் சாப்பாடு. அம்மாமார் கட்டித்தரும் மிளகாய்த்தூள், கருவாடு, மாசி, ஒடியல், பனங்கட்டி எல்லாவற்றையும் பயண அறிவித்தல் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பிறநாட்டுப் பூச்சியும் நோயும் பயிரைத் தாக்கிவிடும் என்று அந்த நாடு மிகவும் அஞ்சுகிறது. மறைத்தால், மறந்துபோனாலும்கூட, அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். விமானத்தில் தந்த ஒரு அப்பிள் கைப்பையில் மிஞ்சினாலும் இதே கதைதான். அறிவித்தால் தண்டம் இல்லை. அதிகாரி பார்த்து அனுமதிப்பார், அல்லது எடுத்துவிடுவார். தேனும் பழங்களும் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுபோக வேண்டாம். கடையில் வாங்கிய, முத்திரை உடையாத, பெயர் ஒட்டிய பொதிகள் இலகுவில் தப்பும். வீட்டில் இடித்து சொப்பிங் பையில் கட்டிய தூளுக்கு விளக்கம் சொல்ல நேரும். சப்பாத்தின் அடியில் மண் இருந்தாலும் பிடிப்பார்கள், கழுவிக் காயவைத்து எடுங்கள்.

அழுத்தத்துக்கும் சீனிக்கும் குளிசை எடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவை அதன் பெட்டியோடும் வைத்தியரின் மருந்துச்சீட்டோடும் கைப்பையில் வைக்க வேண்டும். மின்சாரம் இங்கே போல 230 வோல்ட்தான், ஆனால் அங்குள்ள பிளக்கின் கால்கள் சரிவானவை. மாற்றியொன்றை இங்கேயே வாங்கிவிடுங்கள்.