கணிதத் துறைக் கருத்தரங்கு

பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் நடக்கும் செமினார். ஆய்வுக் கருத்தரங்கில் ஒருவர் தாம் கண்ட புதிய தேற்றத்தை நிறுவிக் காட்டுவார். கற்றல் கருத்தரங்கில் மாணவர்கள் ஒரு நூலையோ கட்டுரையையோ பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, முறைவைத்துக் கரும்பலகையில் விளக்குவார்கள். எந்த வரியிலும் குறுக்கிட்டுக் கேட்கலாம். கணிதம் உண்மையில் கைக்கு வருவது இந்த இரண்டாம் வகையில்தான்.

தமிழகத்தில் இத்தகைய கற்றலுக்கு மண்ணைப் பதப்படுத்தியவர் பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் சார்லஸ் ரசீன். 1937இல் இந்தியா வந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பின்னர் சென்னை லயோலா கல்லூரியிலும் கற்பித்தார். பாடத்திட்டம் பழைய ஆங்கிலேய வழியில் நின்ற அந்நாளில், புதிய பிரெஞ்சுக் கணித நூல்களை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். அவரிடம் படித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தனர். அங்கே கணிதவியலர் கே. சந்திரசேகரன் ஒரு வழக்கத்தை வேரூன்றச் செய்திருந்தார்: லோரான் ஸ்வார்ட்ஸ் போன்ற வெளிநாட்டு அறிஞர்கள் சொற்பொழிவாற்ற, இளம் ஆய்வாளர்கள் அதைக் குறிப்பேடாக எழுதவேண்டும். எழுதும்போதுதான் புரியாத இடம் வெளிப்படும். நரசிம்மனும் சேஷாத்ரியும் இப்படிச் சேர்ந்து கற்றதன் விளைச்சல், 1965இல் வெளியான நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம்.

சேஷாத்ரி 1989இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்று சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம்.