கான்கிரீட் மாளிகையின் வளர்ச்சி: முன்யோசனையும் கூரையும்

செல்வந்தர் ஒருவர் தமக்கென வீடு கட்டத் தொடங்கினால் கருங்கல்லையும் தேக்கையும் பளிங்கையும் நாடுவதே உலகெங்கும் நெடுங்காலம் சம்பிரதாயமாக இருந்து வந்தது. பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் பண்டகசாலைக்குமே உரியதென்று கருதப்பட்ட கான்கிரீட், அத்தகையோர் விரும்பி வசிக்கும் இல்லத்துக்கு ஏற்ற பொருளாக உயர்ந்தது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருளின் வலிமையே அந்த உயர்வுக்குக் காரணம் என்ற அபிப்பிராயம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். செங்கல் வீட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றிக்கொள்ளக்கூடிய பலவற்றை, கான்கிரீட் வீட்டில் பலகையடித்துக் கம்பி கட்டுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். அந்த நிர்ப்பந்தத்தை உணர்ந்து நடந்தவர்களின் வீடுகள் நிலைத்தன. உணராதவர்களின் வீடுகள், எத்துணைப் புகழ் பெற்றவையாயினும், ஒழுகின அல்லது தொய்ந்தன.

1824-இல் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1853-இல் பிரான்சுவா குவாஞே பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள சாந்தெனியில் கான்கிரீட்டால் ஒரு வீடு எழுப்பினார். கம்பியும் கான்கிரீட்டும் ஒரு பெரிய குடும்ப மாளிகையில் முழுமையாக இணைந்ததோ அமெரிக்காவில்.

வில்லியம் வார்டு என்ற இயந்திரப் பொறியாளர் 1867-இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது, துறைமேடையில் வேலையாட்கள் சிலர் தங்கள் இரும்புக் கருவிகளில் இறுகிப்போன சிமெண்டைப் பெயர்த்தெடுக்கப் பாடுபடுவதைக் கண்டார். சிமெண்டு இரும்பை விட்டுப் பிரியவில்லை. சிமெண்டே நடுவில் விண்டு உடைந்தது. பிறர் தொல்லையென்று ஒதுக்கிய அந்தப் பிடிப்பில் ஒரு புதிய கட்டட முறையின் வித்தை அவர் கண்டுகொண்டார். நியூயார்க் மாகாணத்தில் போர்ட்செஸ்டர் என்ற ஊரில், 1873 முதல் 1876 வரை, ராபர்ட் மூக் என்ற கட்டடக் கலைஞரின் துணையோடு அவர் கட்டிய மாளிகையில் சுவர், தளம், உத்தரம், கோபுரம், சாய்ந்த மேற்கூரை ஆகிய அனைத்தும் கான்கிரீட். கதவு, ஜன்னல் சட்டம் போன்ற சிற்சிலவே மரம். தீயினால் அழியாத வீடு வேண்டும் என்பதே அவரது உத்தேசம். ஆனால் என் மதிப்பில் அவருடைய பெருமை தீயைத் தடுத்ததில் மட்டும் இல்லை. உத்தரத்தின்மீது பாரம் ஏறும்போது அதன் மேற்பகுதி நெருக்குண்டும் கீழ்ப்பகுதி இழுபட்டும் போகும் என்பதையும், நெருக்கத்தைத் தாங்கக் கான்கிரீட்டும் இழுவிசையைத் தாங்க இரும்பும் வல்லவை என்பதையும் பரீட்சித்து அறிந்து, இரும்பை உத்தரத்தின் அடிப்பகுதியிலேயே அவர் பதித்தார். 1883-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் அந்த அனுபவத்தை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். எனினும் அவ்வீட்டின் வெளித்தோற்றம் கல்லால் கட்டிய கோட்டையின் தோற்றமே. பொருள் புதிதாயினும் அதன் சொந்த முகத்தைக் காட்டும் துணிவு அப்போது எவருக்கும் வரவில்லை.

1892-இல் காப்புரிமை பெற்ற பிரான்சுவா என்னபிக், தூண், உத்தரம், தளம் மூன்றும் ஒரே உடம்பாக இணையும் முறையைத் தொழிலாகவே பரப்பினார். பூர்-லா-ரேன் என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீட்டில் தாங்குதூணின்றி வெளியே நீண்ட பகுதிகளும் மாடித் தோட்டமும் இடம்பெற்றன. பாரத்தைத் தூண்களே தாங்கும்போது சுவருக்குச் சுமையில்லை. சுமையில்லாத சுவரை வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாத இடத்தில் விட்டுவிடலாம். இந்த விடுதலையைத் தத்துவமாகவே வகுத்தவர் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர்.

பாரிஸுக்கு அருகே புவாசியில் 1928 முதல் 1931 வரை சவோய் குடும்பத்துக்காக அவர் கட்டிய வீடு, மெல்லிய தூண்களின்மேல் நிற்கும் வெண்பெட்டியாக, நீண்ட ஜன்னல்களும் மேலேறும் சரிவுப் பாதையும் மொட்டைமாடித் தோட்டமும் கொண்டு உலகின் கண்ணைக் கவர்ந்தது. ஆயினும் மழைக்காலம் வந்ததும் கூடத்திலும் சரிவுப் பாதையிலும் நீர் சொட்டியது. வீட்டம்மையார் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக் கடிதங்கள் எழுதினார். சாய்ந்த கூரை தானே வடித்துவிடும் நீரைத் தட்டையான கூரையில் வடியச் செய்ய, வாட்டமும் வடிகுழாயும் நீர்காப்புப் பூச்சும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். குடும்பம் 1940-இல் வெளியேறியது. 1950களின் இறுதியில் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக இடிக்கப்பட இருந்த அவ்வீடு, 1965-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.

பென்சில்வேனியாவில் பேர்ரன் ஓடையின் அருவிமேல், பல்பொருள் அங்காடி அதிபர் எட்கர் காஃப்மனுக்காக ஃபிராங்க் லாய்டு ரைட் 1935-இல் வரைந்த அருவி வீட்டின் சரித்திரம் இன்னும் ஆழ்ந்து கற்கத்தக்கது. அதன் தளங்கள் ஒரு முனையில் மட்டும் பிடிப்புற்று அருவிமேல் நீண்டு நிற்பவை. அத்தகைய தளத்தில் இழுவிசை மேற்பகுதியில் பிறக்குமாதலால் கம்பியும் அங்கேதான் ஓட வேண்டும். அளவு குறைந்தால் தளம் தொங்கும். வரைபடத்தில் கம்பி போதாதென்று உரிமையாளர் அமர்த்திய பொறியாளர்கள் கூறினர். ரைட் சினந்தார். இருந்தும் கூடம் அமைந்த முதன்மைத் தளத்தில் அவர் அறியாமலே ஏறத்தாழ இருமடங்குக் கம்பி இடப்பட்டது. பின்னாள் ஆராய்ச்சியில், அந்தக் கூடுதல் கம்பியும் போதவில்லை என்றும், அதுவும் இல்லையேல் தளம் நின்றிராது என்றும் தெளிவாயிற்று. சாரத்தைப் பிரித்தவுடனேயே தொய்வு தொடங்கியது. நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 7 அங்குலமாயிற்று. 2002-இல் கூடத்தின் தரைக்கற்களைப் பெயர்த்தெடுத்து, உத்தரங்களை ஒட்டி எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்து இறுக்கி, கற்களை மீண்டும் அவற்றின் இடத்திலேயே பதித்தார்கள். அந்த வீட்டின் அழகை வணங்குகிறேன். ஆனால் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னவரிடம் சினம் கொண்டதை மேதைமையின் அடையாளமாகப் போற்றுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவில் சிமெண்டு செய்யும் தொடக்ககால முயற்சி ஒன்று 1904-இல் சென்னையில் நடந்தது; அது நிலைக்கவில்லை. கான்கிரீட்டை அதன் இயல்பான முகத்தோடு நம் மண்ணில் நிறுத்தியது புதுச்சேரியின் கோல்கொண்டா. டோக்கியோவில் 1920களிலேயே தம் சொந்த வீட்டைப் பூச்சில்லாக் கான்கிரீட்டில் கட்டிய ஆன்டனின் ரேமண்டு, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930களில் வடிவமைத்த விடுதி அது, செல்வந்தர் இல்லமன்று. எனினும் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்க, சுவருக்குப் பதில் திறந்து மூடும் கிடைப்பலகைகள் காற்றை விட, தட்டையான தளத்துக்குமேல் வளைந்த ஓடுகள் இரண்டாம் கூரையாக நின்று வெயிலைத் தடுக்க அமைந்த அந்தக் கட்டடமே, கூரைப் பிரச்சினைக்கு வெப்பநாடு அளித்த முதல் தெளிவான விடை என்பது என் துணிபு.

அந்த விடையின் செல்வ வடிவத்தை அகமதாபாத்தில் காண்கிறோம். 1950களில் மனோரமா சாராபாய் அவர்களுக்காகக் கட்டிய இல்லத்தில், செங்கல் வளைவுகளின் மேல் மண்பரப்பிப் புல் வளர்த்தார் லெ கொர்பூசியே. புவாசியில் ஒழுகிய மாடி அங்கே தோட்டமாகத் தணிந்தது. அதே காலத்தில் சுரோத்தம் ஹதீசிங் என்ற ஆலை முதலாளிக்காக வரைந்த வேறொரு வீட்டின் வரைபடங்களை ஷியாமுபாய் ஷோதன் விலைக்கு வாங்கி, வேறு மனையில் 1956 அளவில் கட்டி முடித்தார். மனை மாறியும் வீடு குலையவில்லை. அத்தனை முழுமையாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது அந்தத் திட்டம். அறைகளுக்குமேல் இடைவெளி விட்டு, குடையாக நிற்கும் கூரை. அவ்விடைவெளியில் ஓடும் காற்று. ஜன்னல்களுக்கு முன்னே ஆழமான வெயில்தடுப்புகள். பலகையின் சுவடு மாறாத சுவர்கள். கூரையைத் தனியொரு உறுப்பாகப் பிரித்ததனால், வெயில் தாக்குவது குடையைத்தான், குடியிருப்பை அன்று.

பிற்காலத்தில் ஜப்பானில் தாதாவோ அண்டோ, ஆஷியா நகரத்துக் கோஷினோ இல்லம் போன்றவற்றில், 90-க்கு 180 செண்டிமீட்டர் பலகைகளின் வரிசையையும் போல்ட் துளைகளின் இடத்தையும் முன்கூட்டியே வரைந்து, சென்ட்ரிங் தச்சரின் கைத்திறனையே வீட்டின் அலங்காரமாக்கினார். கோட்டையாக வேடமிட்ட வார்டின் மாளிகைக்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

நம் ஊர்களில் இன்று பெரும்பொருள் செலவிட்டுக் கான்கிரீட் இல்லம் கட்ட உத்தேசிப்போர் பலரும் புவாசியின் வெண்பெட்டியையே மாதிரியாகக் கொள்கின்றனர். நம் வெயிலையும் ஐப்பசி மழையையும் கருதினால் முதலில் கற்கத்தக்கது ஷோதன் இல்லம். வெள்ளைச் சுவரை வரையுமுன் அதன் குடைக்கூரையின் குறுக்குவெட்டுப் படத்தை ஒருமுறை கட்டடக் கலைஞரோடும் கொத்தனாரோடும் உட்கார்ந்து பாருங்கள்.