இலங்கையின் உரத்தடை: மானியம் கொடுத்த கதையும் நிறுத்திய கதையும்

"அரசாங்கம் மானியம் கொடுத்தா எல்லா விவசாயியும் ஆர்கானிக்குக்கு மாறிடுவாங்களே டாக்டர்?" இதை அடிக்கடி கேக்குறாங்க. பக்கத்து நாட்டுல நடந்ததைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

இலங்கையில் உர மானியம் 1962-ல் தொடங்கியது. அதிக விளைச்சல் தரும் புது நெல் ரகங்கள் பரவிய காலம். அவற்றுக்கு நைட்ரஜன் தீனி அதிகம் வேண்டும். அரசு அதை மலிவாகக் கொடுத்தது. இடையில் ஒருமுறை நிறுத்தினார்கள், சில வருடங்களில் திரும்பி வந்துவிட்டது. 2005-ல் மகிந்த ராஜபக்ச ஆட்சிக்கு வந்ததும் 50 கிலோ மூட்டை 350 ரூபாய். 2020-ல் நெல்லுக்கு இலவசம். இரண்டு தலைமுறை விவசாயிகள் யூரியாவை நம்பியே வளர்ந்தார்கள். பழக்கியது அரசுதான்.

இப்ப என் துறைக்கு வர்றேன். 1990-களில் அநுராதபுரம், பொலன்னறுவை பக்கம் ஒரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் நெல் வயலில் உழைப்பவர்களின் சிறுநீரகம் சுருங்கிப் போனது. பூச்சிமருந்து, காட்மியம், கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, வெயிலில் நீர் வற்றுதல் என்று சந்தேகப் பட்டியல் நீண்டது. இதுதான் காரணம் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. உருளைக்கிழங்குக்கும் காய்கறிக்கும் உரமும் மருந்தும் கொட்டும் நுவரெலியாவில் இந்த நோய் அப்படிப் பரவவில்லை என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் அரசியலுக்கு டயக்னோசிஸ் முடியும்வரை பொறுமை ஏது? 2019 தேர்தல் அறிக்கையில் கோத்தபய ராஜபக்ச, 10 வருடத்தில் நாட்டை ஆர்கானிக்குக்கு மாற்றுவோம் என்றார். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. சொன்ன காரணம் மக்கள் ஆரோக்கியம். சொல்லாத காரணமும் உண்டு: கொரோனாவில் சுற்றுலா படுத்து, டாலர் கரைந்துகொண்டிருந்தது. உர இறக்குமதிக்கு மட்டும் 2020-ல் சுமார் 26 கோடி டாலர் போயிருந்தது.

பதிலுக்கு இயற்கை உரம் தயாரிக்க மானியம் அறிவித்தார்கள். கணக்கைப் பாருங்க. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைட்ரஜன். அதே அளவு கம்போஸ்டில் கிடைக்க ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு நாட்டு வயலுக்கே அதை ஒரே போகத்துக்குள் எங்கே போய்த் தயாரிப்பது? காசு கொடுத்தா குப்பை சீக்கிரம் மக்கிடுமா என்ன? சீனாவிலிருந்து வந்த இயற்கை உரத்தில் கிருமி இருப்பதாகச் சொல்லி கப்பலைத் திருப்பினார்கள். கடைசியில் அந்தக் கம்பெனிக்கு 67 லட்சம் டாலர் கட்டினார்கள்.

பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு அதை ஒரே நாளில் நிறுத்தினால் ஆளே சரிந்துவிடுவார். மருந்து நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். டோஸைக் குறைத்துக் குறைத்துத்தான் வெளியே வரவேண்டும். சிக்கிம் அப்படித்தான் செய்தது. 2003-ல் முடிவெடுத்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2014-ல்தான் தடைச் சட்டம், 2016-ல் அறிவிப்பு. அங்கே ஏற்கெனவே உரப் பயன்பாடு குறைவு, அரிசியும் வெளியிலிருந்து வரும் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

இலங்கையில் நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். பெரும்போகத்துக்கு அது ரொம்பத் தாமதம். 2022 அறுவடை முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி டாலர். மிச்சம் பிடிக்க நினைத்த 26 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கு மேல அரிசி வேற இறக்குமதி.

டாலர் தட்டுப்பாட்டுக்கு உரத்தடை மட்டும் காரணமில்லை, கடனும் வரிக்குறைப்பும் பெரிய காரணங்கள். ஆனால் அந்த மார்ச்சில் பேராதனை போதனா மருத்துவமனையில் மருந்தில்லாமல் வழக்கமான அறுவை சிகிச்சைகளை நிறுத்தினார்கள். அநுராதபுரத்துச் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.