நிறவெளி

நிறவெளி என்பது ஒவ்வொரு நிறத்தையும் சில எண்களால் குறிக்கும் கணித அமைப்பு. கணினியில் ஓவியம் தீட்டினாலும் வலைப்பக்கமோ நிலப்படமோ வடிவமைத்தாலும், நிறங்களைத் தேர்வதும் கலப்பதும் ஒத்திசைப்பதும் இந்த எண்களின் வழியேதான் நடக்கின்றன. ஒரே நிறக் கோட்பாடு, கணக்கிடும் நிறவெளிக்கு ஏற்ப வெவ்வேறு விடைகளைத் தருகிறது. மென்பொருளிடம் நிறத்தேர்வை ஒப்படைக்கும் கலைஞர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

திரைகள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகின்றன. ஒவ்வோர் ஒளிக்கும் வழக்கமாக 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. இதை நெறிப்படுத்தும் எஸ்ஆர்ஜிபி முறையை எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்தன. ஆனால் ஓவியர் மூன்று ஒளிகளாகப் பிரித்து யோசிப்பதில்லை. சாயல், செறிவு, வெளிர்மை என்றே யோசிக்கிறார். அதற்கு இணக்கமாக ஆல்வி ரே ஸ்மித் 1978இல் எச்எஸ்வி முறையை வெளியிட்டார். எச்எஸ்எல் அதன் நெருங்கிய உறவு. வரைகலை மென்பொருள்களில் காணும் நிறச்சக்கரங்கள் பலவும் இவற்றில் பிறந்தவை. சக்கரத்தை 180 பாகை திருப்பினால் எதிர்நிறம் கிடைக்கும். 120 பாகை வீதம் திருப்பினால் முந்நிறத் திட்டம். ஓவியப் பள்ளியில் சிவப்புக்கு எதிரே பச்சை என்று படித்தவருக்கு இங்கே சிவப்புக்கு எதிரே வெளிர்நீலப் பச்சை நிற்கும்.

இச்சக்கரத்தின் பெருங்குறை வெளிர்மையில் உள்ளது. முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் எச்எஸ்எல் தரும் வெளிர்மை ஒன்றே: 50 விழுக்காடு. கண்ணுக்கோ மஞ்சள் ஏறத்தாழ வெள்ளையை நெருங்குகிறது, நீலம் இருளை நெருங்குகிறது. கண்ணின் உணர்வைத் தழுவி, சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976இல் வகுத்த சிஐஇலேப் நிறவெளியில் அதே மஞ்சளின் வெளிர்மை 97, நீலத்தின் வெளிர்மை 32. சாயலை மட்டும் சுழற்றி உருவாக்கிய நிறத்திட்டத்தில் ஒரு நிறம் துருத்திக்கொண்டும் மற்றொன்று அமுங்கியும் தெரிவதற்குக் காரணம் இதுதான். நீல எழுத்து படிக்க முடிகிற வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து மறைந்துபோவதும் இதனால்தான்.

கண்ணை அளவுகோலாகக் கொள்ளும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. பாஸ்டனில் ஓவியம் கற்பித்த ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில், பார்வைக்குச் சமமாகத் தோன்றும் படிகளாக நிறங்களை அடுக்கினார். இந்தத் துறையின் அடித்தளம் ஓர் ஓவிய ஆசிரியரின் உழைப்பு என்பது நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் கோடாக் நிறுவனத்தின் டேவிட் மெக்கடம் 1942இல், நிற வேறுபாட்டைக் கண் எல்லா நிறங்களிலும் ஒரே நுட்பத்துடன் உணர்வதில்லை என்று அளந்து காட்டினார். சிஐஇலேப் இந்தச் சீரின்மையைப் பெருமளவு குறைத்தாலும் நீலத்தில் தடுமாறியது: நீலத்தை வெளுக்கச் செய்தால் அது ஊதாவுக்குச் சாயும். சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் ஓட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓக்லேப் இக்குறையை வெகுவாகத் தீர்த்தது. இன்று முக்கிய இணைய உலாவிகள் அனைத்தும் அதை ஏற்கின்றன.

கலப்பு தனிச் சிக்கல். திரை எண்களில் நீலத்தையும் மஞ்சளையும் சரிபாதி சேர்த்தால் சாம்பல் கிடைக்கும். தூரிகை பிடித்தவர் எதிர்பார்ப்பது பச்சை. நிறமித் துகள்கள் ஒளியை உறிஞ்சுவதையும் சிதறடிப்பதையும் கணக்கிடும் குபெல்கா–முங்க் சமன்பாடுகள் 1931 முதல் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு திரை நிறங்களை உண்மையான நிறமிகளின் கலவையாகக் கருதிக் கலக்கும் மிக்ஸ்பாக்ஸ் முறையை ஷார்க்கா சோகோரோவா, ஒண்ட்ரெய் யாம்ரிஷ்கா ஆகியோர் 2021இல் வெளியிட்டனர். ரெபெல் என்ற ஓவிய மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறது. எண்வழி ஓவியத்துக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த சிறந்த கருவிகளுள் இது ஒன்று.

நிறவெளிகள் பெரும்பாலும் ஒரு நிறத்தைத் தனியே நிறுத்தி அளக்கின்றன. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பாளராக இருந்த செவ்ரல், அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றுவதை 1839இல் விரிவாக எழுதினார். சூழல் நிறத்தையும் கணக்கில் கொள்ளும் சிஐஇகேம் போன்ற தோற்ற மாதிரிகள் உள்ளன. ஆயினும் அன்றாட நிறத்தேர்வுக் கருவிகள் பலவற்றில் அவை இடம்பெறவில்லை. ஆகவே கருவி தரும் நிறத்திட்டத்தை, அது இடம்பெறப்போகும் அளவிலும் பின்னணியிலும் வைத்துப் பார்த்த பிறகே இறுதி செய்ய வேண்டும்.