ஒரு வாய்ச் சோறு, ஒரு சொல்

எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலைக் கொண்டு வருடந்தோறும் என் மாணவிகளுக்கு நடத்துகிறேன். இரண்டு உதடுகளும் கூடினால் பகரமும் மகரமும் பிறக்கும். நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவினால் ரகரமும் ழகரமும். இந்த வாய் நலமான, வளர்ந்த மனிதரின் வாய். உதடுகள் கூடவே மறுக்கும் குழந்தையை இலக்கணம் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைக்காக யோசித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய வரலாறு இன்னும் நம் பாடத்திட்டத்துக்குள் வரவில்லை.

'ம' என்று சொல்ல மூடும் அதே உதடுகள்தான் கரண்டியிலிருந்து கஞ்சியை வாங்கவும் மூட வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு இரண்டுமே கடினம். நன்றாகச் சாப்பிடப் பழகினால் பேச்சு தானாக வந்துவிடும் என்பதில்லை. உண்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனிப் பயிற்சி தேவை.

நம் வீடுகளில் பாலாடை, சங்கு என்று சொல்லும் மூக்கு வைத்த சிறு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை இதில் புகட்டுவதை இன்று மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. இதை முதலில் செய்து பார்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. அதற்காகப் பாட்டிமார் செய்ததையெல்லாம் கொண்டாடவும் முடியாது. மடியில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றும் பழக்கமும் இதே வீடுகளில்தான் இருந்தது. விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு அப்படி ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். அனுபவ அறிவோடு உடற்கூறு அறிவும் சேர வேண்டியிருந்தது.

1960களின் நடுவில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1969இல் சென்னையில் சரஸ்வதி நாராயணசாமி முன்னின்று காது கேளாத சிறு குழந்தைகளுக்காகப் பால வித்யாலயாவைத் தொடங்கினார். அங்கே குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி இல்லாததால், 1972இல் மிது ஆலூர் மும்பையில் தாமே ஒன்றை ஆரம்பித்தார். அதே நிலையிலிருந்த மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இன்றைய வித்யாசாகர். மாலினி சிப் பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்பவர் அவர். தன் கருத்தைச் சொல்ல ஒருவருக்கு நாக்கு மட்டுமே வழியல்ல. விரலும் படப் பலகையும் கண்ணசைவும்கூட மொழிதான்.

படிப்பும் வசதியும் தொடர்புகளும் இருந்ததால் இவர்களால் நிறுவனங்களைக் கட்ட முடிந்தது. அப்படிச் சொல்வதால் அவர்களின் உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் 'தாயைப் பயிற்றுவித்தால் போதும்' என்ற வழிமுறை அந்த வசதிகள் எதுவும் இல்லாத பெண்ணின் கைக்கு வரும்போது என்ன ஆகிறது?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து விற்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் அவளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்: குழந்தையை நிமிர்த்தி உட்கார வை, தலை பின்னால் சாயக் கூடாது, எதிரே உட்கார்ந்து ஊட்டு, கரண்டியை நாக்கின்மேல் மெல்ல அழுத்து, உதடு மூடும்வரை காத்திரு, விழுங்கிய பிறகே அடுத்த வாய். எல்லாம் சரியான அறிவுரைதான். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் என்றால் நான்கு வேளைக்கு நான்கு மணி நேரம். பேச்சுப் பயிற்சி தனி. பயிற்சி மையத்துக்குப் போய்வரும் நாளில் வியாபாரம் கிடையாது. மையத்தின் பதிவேட்டில் குழந்தை எத்தனை முறை வந்தது என்று இருக்கும். தாய் எத்தனை நாள் கூலி இழந்தாள் என்று இருக்காது.

பழியும் அவளுக்கே. ஆண்குழந்தை இரண்டு வயதில் பேசாவிட்டால், "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று மாமியார் சமாதானம் சொல்வார். மூன்று வயதிலும் பேசாவிட்டால், "போனக் குடுத்தே கெடுத்துட்டா" என்பார். தாமதம் அப்பனின் மரபாகவும், குறை அம்மாவின் குற்றமாகவும் பங்கு பிரிக்கப்படுகிறது. இந்தச் சமாதானத்தில் ஒரு வருடம் போய்விடுகிறது. மூளை வேகமாக வளரும் வயது அது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் குழந்தைகளைப் பரிசோதித்து மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வழி செய்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7ஆக இருந்த வகைகளை 21ஆக்கி, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் சேர்த்தது. அதிக உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியையும் அது பேசுகிறது. பராமரிப்பு ஓர் உழைப்பு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் இது. நாம் பற்றிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான்.

பயிற்சி, தாய் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் கற்றுக்கொள்ளட்டும். அவருக்கு அதற்குரிய ஊதியமும் கிடைக்கட்டும். வீட்டுப்பாடத்தில் அப்பாவின் பெயரும் எழுதப்படட்டும். கரண்டி பிடிக்க எந்தக் கைக்கும் பழக்கலாம். குழந்தை முதல் சொல்லைச் சொல்லும்போது எல்லோரும் அந்தச் சொல்லைக் கேட்கிறோம். அதற்கு முன்னால் ஒரு பெண் செலவிட்ட மணி நேரங்களையும் கணக்கில் எழுதத் தொடங்குவோம்.